கங்காணிக்கு மயக்க ஊசி

கங்காணி மனிதன் இல்லை, யானை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு டொக்டர் வந்து கங்காணியின் பின்பக்கத்தில் துவக்கால் சுட்டார் என்று எழுதும்போது யாரும் பதறக்கூடாது.

மாலையானால் காட்டிலிருந்து இறங்கி வருவான். எங்கள் மருதடி வட்டை வயல்களின் வரம்புகளில் நடந்து, பயிரை ஒரு பார்வை பார்த்து, பிடித்த இடத்தில் நாலு வாய் தின்றுவிட்டுப் போவான். சம்பளம் வாங்கிய கங்காணிமார்கூட வயலுக்கு இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் அந்த வட்டைக்கு விதானை. வயல்வெளிக்குத் தண்ணீர் முறை பார்ப்பதும், வேலி அடைப்பிப்பதும், வரம்புச் சண்டை தீர்ப்பதும் என் வேலை. சண்டை இல்லாத போகத்தில் சும்மா இருக்க முடியாதே, கதை சொல்வேன்.

சிலர் அவற்றைப் பொய் என்பார்கள். எழுபத்தெட்டுச் சூறாவளியில் என் சைக்கிள் பறந்துபோய்த் தேற்றாத்தீவில் ஒரு தென்னை உச்சியில் குந்தியிருந்தது. நான் தேடிக்கொண்டு போனபோது, என்னைக் கண்டதும் மேலேயிருந்து மணி அடித்தது. இதில் பொய் என்ன இருக்கிறது? கங்காணியைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை என் காவல் பரணின் ஏணி விழுந்துவிட, அவன்தான் துதிக்கையால் என்னைத் தூக்கிப் பூப்போல இறக்கிவிட்டான். இன்னொரு முறை பெருமழையில் அவன் வயிற்றுக்குக் கீழே நின்று சுருட்டுப் பற்றவைத்தேன். என் வயலில் அவன் ஒரு கதிரைத் தொடமாட்டான், அது எங்கள் இருவருக்குள்ளும் ஒரு பேச்சு. "ஆர் சாட்சி?" என்று கேட்பார்கள். "கங்காணியிட்டக் கேள்" என்பேன். இதுவரை ஒருவரும் கேட்கப் போனதில்லை. அப்படிப்பட்ட சாட்சி ஒரு மனிதனுக்கு ஆயுளில் ஒன்றுதான் கிடைக்கும்.

அந்தச் சாட்சிதான் நொண்டத் தொடங்கினான்.

யாரோ பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு அவன் முன்னங்காலில் இறுகிவிட்டது. கம்பி சதைக்குள் புதைந்து, கால் உரல்போல வீங்கி, நாற்றம் அவனுக்கு முன்னால் வந்தது. நாலு வாய் தின்கிறவன் ஒரு வாயோடு நின்று, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மருத மரத்தில் சாய்ந்திருப்பான். இப்படியே விட்டால் வட்டைக்குள்ளேயே விழுந்து சாவான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. செத்தால் என் கதைகளில் பாதி அநாதையாகிவிடும் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

வனசீவராசி அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். நடந்ததை உள்ளபடி சொன்னேன். யானையே என்னிடம் அழுது சொன்னது என்பதை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.

வந்தவர் டொக்டர் ஸஹ்ரா. காத்தான்குடிப் பிள்ளை, மிருக வைத்தியர். ஆள் சிறியவர், குரல் அதைவிடச் சிறியது. ஆனால் அந்தக் குரல் ஒரு சொல் சொன்னால் துவக்கோடு வந்த காவலர்களும் ஜீப்பும் நகர்ந்தார்கள். ஈரச் சேற்றில் பதிந்திருந்த கங்காணியின் காலடியைச் சுற்றி நாடா பிடித்தார். அந்தச் சுற்றளவை இரட்டித்தால் தோள் உயரம் வருமாம். உயரத்திலிருந்து எடை, எடையிலிருந்து மருந்து. நானும் நாடாவை வாங்கி என் காலடியைச் சுற்றிப் பார்த்தேன். அந்தக் கணக்குப்படி நான் ஒரு நடுத்தரக் கன்றுக்குட்டி.

"விதானை மாமா, மருந்து ஒரு ஊசிக்குத்தான் இரிக்கி" என்றார் டொக்டர். "நாட்டிலயே இப்ப தட்டுப்பாடு. இது பிழையாப் போனா திரும்பப் போட ஏலாது. அடுத்தது வாறதுக்குள்ள கால் அழுகி ஆன முடிஞ்சிரும்."

"நித்திரைக்குப் போடுற ஊசிதானே மகள்? ஒருக்காப் போட்டாக் காணாதா?"

"நித்திரை இல்ல மாமா, மயக்கம். கண் மங்கும், உடம்பு சோரும், ஆனா காது கேக்கும். சத்தம் கேட்டா அரை மயக்கத்தில எழும்பி நடக்கும். நடந்து தண்ணிக்குள்ள போய் விழுந்தா, துதிக்கை முங்கி மூச்சு நிண்டுரும். அதான் என்ட பயம். பக்கத்தில தண்ணி இரிக்கா?"

"மட்டக்களப்பு வாவி இரிக்கு மகள். மற்றப்படி ஒண்டுமில்ல."

டொக்டர் வாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஊர்ச் சனம் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. நான் எழுப்புற ஊசி போடுற வரைக்கும் ஒரு சத்தமும் வரப்படாது. அது உங்கட பொறுப்பு."

இறால் எடுக்க அக்கரைக் காத்தான்குடியிலிருந்து தோணியில் வந்திருந்த மீராசாஹிப் இதைக் கேட்டுச் சிரித்தார். எனக்கும் அவருக்கும் இளந்தாரிக் காலத்துச் சிநேகம். "புள்ள, ஊர்ல வாய மூடாத மனிசன் ஒரு ஆள்தான். அவரிட்டயே ஊர்ட வாய மூடச் சொல்றீங்களே!"

என் வாய் எனக்குக் கவலையாக இல்லை. புஸ்பத்தின் வாய்தான் கவலை.

புஸ்பம் என் மனைவி. எங்கள் பக்கத்தில் மங்கல காரியங்களுக்குப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்கள். புஸ்பம் குரவை போட்டால் மற்றப் பெண்கள் போடுவது மூச்சு விடுவதுபோல இருக்கும். இந்த வாவியில் மீன் பாடும் என்று உலகமெல்லாம் சொல்கிறது. நான் கேட்டதில்லை, புஸ்பம் ஓய்ந்தால்தானே கேட்பதற்கு. குரவைக்கு அவளிடம் ஒரு சட்டம் உண்டு. நல்ல காரியம் நடந்தால் போடாமல் விடக்கூடாது, நடக்காமல் போடவும் கூடாது. அம்மன் கோயில் திருக்குளிர்த்திக்குப் போடுவாள், கலியாணத்துக்குப் போடுவாள், பசு கன்று போட்டால் போடுவாள், போன கரண்ட் திரும்பி வந்தால் போடுவாள். எனக்குத் தொண்டையில் புண் வந்தபோது, ஒரு கிழமைக்கு இவர் பேசவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வார்டிலேயே போட்டாள்.

யானைக்கு ஊசி போடுகிறார்கள், ஒருவரும் வராதீர்கள் என்று ஊருக்குச் சொன்னேன். எங்கள் ஊரில் அதுதான் அழைப்பிதழ். விடிந்ததும் பெண்கள் எல்லோரும் வரம்பில் வரிசையாக நின்றார்கள், முன்னால் புஸ்பம்.

ஆனால் நான் ஒரு யோசனையோடுதான் போயிருந்தேன். வாயில் வெற்றிலை இருந்தால் குரவை வராது, நாக்குச் சுழல இடம் வேண்டும். ஆகவே ஒரு பெட்டி வெற்றிலையோடு வரம்பில் நடந்து, ஒவ்வொருவருக்கும் நானே மடித்துக் கொடுத்தேன். பெரிய பாக்கு, தாராளமான புகையிலை, கன்னம் புடைக்கும் அளவு.

புஸ்பம் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, இண்டைக்கு உபசாரம் பலமா இரிக்கு? கலியாணம் கட்டின நாளையிலருந்து எனக்கு ஒரு வெத்தில மடிச்சுத் தந்ததில்ல."

"ஆனைக்கு ஊசி குடுக்காங்க. உனக்கும் என்னமும் குடுக்கோணுமே."

"என்னையும் சாய்க்கிற யோசினையா?"

"போடு புஸ்பம், வாயில போடு."

போட்டுக்கொண்டாள். கன்னம் புடைத்தது. வரம்பு முழுக்கக் கன்னங்கள் புடைத்திருந்தன. வட்டையில் நான் விதானையாக இருந்த காலத்தில் அவ்வளவு அமைதியைக் கண்டதில்லை.

டொக்டர் மரமொன்றின் மறைவில் நின்று துவக்கை நீட்டினார். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். கங்காணியின் பின்பக்கத்தில் சிவப்புக் குஞ்சம் வைத்த ஊசி தொங்கியது. யாரோ முதுகில் தட்டிக் கூப்பிட்டதுபோல அவன் திரும்பிப் பார்த்தான். ஒருவரையும் காணாமல் நடந்தான். கொஞ்ச நேரத்தில் காது வீசுவது நின்றது. துதிக்கை ஈரக் கயிறுபோலத் தொங்கியது. கள்ளுக் குடித்தவன் வரம்பில் நடப்பதுபோலக் காலைத் தேடித் தேடி வைத்து, மருத மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தான்.

எங்கள் வட்டைப் பிள்ளையார் அந்த மரத்தடியில்தான் இருக்கிறார். விதைக்க முதலும் வெட்ட முதலும் அவருக்குத்தான் பொங்கல்.

கங்காணி அவருக்கு முன்னால் நின்றான். முன்னங்கால்களை மெல்ல மடக்கினான். தலை தாழ்ந்தது. துதிக்கை நீண்டு, அதன் நுனி பிள்ளையாரின் காலடியில் போய்ப் படிந்தது.

"இன்னும் சாயல்ல" என்று டொக்டர் கிசுகிசுத்தார். "ஒருத்தரும் அசையாதீங்க."

ஒருவரும் அசையவில்லை, கைகள் மட்டும் தலைக்கு மேலே கூம்பின. அங்கேதான் என் யோசனையின் ஓட்டை எனக்குத் தெரிந்தது. யானை பிள்ளையாரைக் கும்பிடுகிறது. பார்க்கிற நாம் கும்பிட வேண்டும். சாமிக்கு முன்னால் எச்சில் வாயோடு நின்று யாராவது கும்பிடுவார்களா? புஸ்பம் பக்குவமாக மறுபக்கம் திரும்பி, வாயில் இருந்ததையெல்லாம் வரம்புக்கு அப்பால் துப்பினாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் துப்பினாள். வரம்பு நெடுகச் சிவப்பாகத் துப்பிக்கொண்டே போனார்கள், நான் மடித்துக் கொடுத்த ஒவ்வொரு வெற்றிலையும் நிலத்தில் விழுந்தது. வாய்கள் சுத்தமாகவும் காலியாகவும் இருந்தன. காட்டு யானை வந்து பிள்ளையாருக்கு முழந்தாள் போடுவதைவிட நல்ல காரியம் உலகத்தில் எது?

நான் கையை உயர்த்துவதற்குள் போட்டுவிட்டார்கள்.

அந்தக் குரவையை நான் கூட்டிச் சொல்ல விரும்பவில்லை. வாவியில் இருந்த நீர்க்காகங்கள் எல்லாம் எழுந்து தன்னாமுனைப் பக்கம் போய்விட்டன. மீராசாஹிபின் தோணியில் கிடந்த பச்சை இறால் அப்படியே வெந்து சிவந்துவிட்டது. அவ்வளவுதான்.

கங்காணி எழும்பினான். கண் தெரியவில்லை, கால் நிற்கவில்லை, காது மட்டும் கேட்டது. குரவைக்கு எதிர்ப்பக்கமாக நடந்தான். குரவைக்கு எதிர்ப்பக்கம் வாவி.

ஊரே பின்னால் ஓடியது. கூக்குரல் போட்டோம், யானைவெடி கொளுத்தினோம். ஒரு பிரயோசனமும் இல்லை. எங்கள் கூச்சலையும் வெடியையும் அவன் பால் குடித்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவன். முழங்கால் தண்ணீர் வரை போய்விட்டான்.

டொக்டர் யாரையும் ஏசவில்லை. கரையில் நின்று புஸ்பத்தின் கையைப் பிடித்தார். "பெரியம்மா, எல்லாச் சத்தமும் அதுக்குப் பழகின சத்தம். ஒங்கட குரவைதான் புதுசு. முன்னால போய்த் தண்ணிப் பக்கமிருந்து போடுங்க, கரைக்குத் திரும்பும். கெதியா! ஆழத்துக்குப் போய்ச் சாய்ஞ்சா நம்மளால தூக்க ஏலாது."

மீராசாஹிபின் தோணியில் புஸ்பத்தை ஏற்றி நானும் ஏறினேன். எஞ்சின் கயிற்றை மீராசாஹிப் இழுத்தார். எஞ்சின் இருமியது. இன்னொருமுறை இழுத்தார். அது இருமவும் இல்லை. இருவரும் கம்பெடுத்து ஊன்றித் தள்ளினோம். சுற்றிக்கொண்டு கங்காணிக்கு முன்னால் போனபோது தண்ணீர் அவன் வயிற்றைத் தொட்டிருந்தது. தலை ஆடியது. துதிக்கை நழுவித் தண்ணீருக்குள் போவதும், புரையேறி மேலே வருவதுமாக இருந்தது.

புஸ்பம் தோணியில் எழுந்து நின்றாள். சேலையைச் செருகினாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்காய்? போடு!"

"என்னத்துக்குப் போடுற?" என்றாள்.  "என்ன நல்ல காரியம் நடந்திரிக்கு? கண்ணுக்கு முன்னால ஆன சாகப் போகுது. சாவுக்குக் குரவை போட்டா ஊர் விளங்குமா?"

"என்ட பொஞ்சாதி சபூரா எண்டா இவ்வளவு கேள்வி கேக்கமாட்டா" என்றார் மீராசாஹிப். "போடெண்டா போடுவா."

"அப்ப போய் அவவக் கூட்டிக்கிட்டு வாங்க காக்கா. காத்தான்குடி அந்தா தெரியுது."

சொன்னாளே தவிர, அவள் கண்ணில் தண்ணீர். ஒருமுறை முயன்று பார்த்தாள். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. "வருகுதில்ல" என்றாள். "பொய்க்கு எனக்கு நாக்குச் சுழலாது. அது உங்கட வேல."

நான் என் வேலையைச் செய்தேன். "புஸ்பம், நமக்குப் பேரன் பிறந்திட்டான்! இப்பதான் போன் வந்த!"

"மகன் இன்னும் கலியாணமே கட்டல்ல."

"கரண்ட் வந்திட்டு!"

"போகவே இல்லையே."

துதிக்கை மறுபடி அமிழ்ந்தது. இந்த முறை மேலே வரச் சுணங்கியது. வந்தபோது சேறும் தண்ணீருமாகச் சிந்தி, அவன் ஒரு மூச்சு விட்டான். முனகல்போல இருந்தது அது. ஆயுள் முழுக்கச் சொன்ன பொய்களையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். ஒன்றுகூட அந்த நேரத்துக்கு உதவவில்லை. இவளுக்கு உண்மையாகவே ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டும். அதுவும் இந்தத் தோணிக்குள், இந்த நிமிஷமே. என்னிடம் கொடுப்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

வாவித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளினேன். மருத மரத்துப் பக்கம் திரும்பினேன். "புள்ளையார் அறிய, இந்தத் தண்ணி அறிய, மீராசாஹிப் அறிய, இண்டையிலருந்து நான் பொய் சொல்லமாட்டன்."

மீராசாஹிபின் கையிலிருந்து கம்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

புஸ்பம் என்னையே பார்த்தாள். "சத்தியமாவா?"

"சத்தியமா."

"ஆனக் கதையும்?"

"ஆனக் கதையும்தான்."

"சூறாவளிக் கதை?"

"புஸ்பம், ஆன முங்குது!"

இனி வருவது சத்தியத்துக்குப் பிறகு நடந்தது. ஆகவே கூட்டாமல் எழுத வேண்டியிருக்கிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புஸ்பம் குரவை போட்டாள். சத்தம் பெரிதாக இருந்தது. பறவை ஒன்றும் பறக்கவில்லை. கங்காணி நின்றான், திரும்பினான், கரைக்கு நடந்தான். அவனை விடாமல் அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். கரைச் சேற்றில் ஏறி, இரண்டு தரம் தள்ளாடி, பக்கவாட்டில் சாய்ந்தான். டொக்டர் கையைக் காட்டினார். புஸ்பம் நிறுத்தினாள்.

காவலர்கள் அவன் காது மடலை இழுத்துக் கண்ணை மூடினார்கள். துதிக்கை நுனி அடைபடாமல் இருக்க அதற்குள் ஒரு சின்னத் தடியை வைத்தார்கள். உடம்பு சூடேறாமல் வாளியால் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவர் அவன் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தார். டொக்டர் சேற்றில் முழங்காலூன்றிக் கம்பியை வெட்டினார். சீழ் வந்தது. கழுவினார், மருந்து வைத்தார், ஊசிகள் போட்டார். அதுவரை கரையில் ஒரு சத்தமும் இல்லை. என் வாயில் வெற்றிலை இருந்தது. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்காமலே புஸ்பம் அதை மடித்துத் திணித்திருந்தாள்.

வெட்டி எடுத்த கம்பியை டொக்டர் என் கையில் தந்தார். மெல்லிய கம்பி. சைக்கிள் பிரேக் கம்பியைவிடப் பெரிதில்லை. அவ்வளவு பெரிய உயிரை அவ்வளவு சின்னக் கம்பி கொல்லப் பார்த்தது என்று சொன்னால் என்னைப்போல ஒருவன் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அது அவ்வளவுதான் இருந்தது.

பிறகு காதோர நரம்பில் எழுப்புகிற ஊசியைப் போட்டுவிட்டு டொக்டர் எல்லோரையும் தூரப் போகச் சொன்னார். கொஞ்சத்தில் காது ஆடியது. கங்காணி உருண்டு எழுந்தான். நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான் என்று எழுத எனக்கு மிகவும் ஆசை. அவன் எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. காட்டுப் பக்கம் போனான்.

"மாமா, அடுத்த ஊர்ல ஒரு ஆனைக்கு ஊசி போடோணும்" என்றார் டொக்டர், ஜீப்பில் ஏறும்போது. "பெரியம்மாவ அனுப்புறீங்களா? தண்ணிப் பக்கம் நிப்பாட்டி வைக்க."

நெல் வெட்டுக் காலம் வந்தது. கங்காணியும் வந்தான். நொண்டல் இல்லை, மிடுக்கு இருந்தது. எல்லா வயலையும் தாண்டி நேராக என் வயலுக்குள் இறங்கி, மூலையிலிருந்து ஒழுங்காகத் தின்னத் தொடங்கினான்.

ஊர் வரம்பில் கூடிவிட்டது. அன்றைக்கென்று இறாலுக்கு வந்திருந்த மீராசாஹிப், ஊருக்கெல்லாம் கேட்கும்படி கேட்டார். "விதானையார், அவன் ஒங்கட வயலத் தொடமாட்டானே? ஒங்களுக்குள்ள பேச்செல்லோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புஸ்பம் என் பக்கத்தில் நின்றாள். அவள் வாயில் வெற்றிலை இல்லை.

"ஒரு பேச்சும் இல்ல" என்றேன். "ஒவ்வொரு போகமும் தின்னுறவன்தான்."

 பிறகு புஸ்பம் குரவை போட்டாள், நான் ஊரறிய உண்மை சொன்ன நல்ல காரியத்துக்கு. கங்காணி தலையைத் தூக்கினான். வாயில் கதிரோடு அப்படியே திரும்பி, வந்த வழியே காட்டுக்குள் ஓடினான்.

அன்றிலிருந்து கங்காணி வட்டைக்குள் இறங்கினால் ஊர் என் வீட்டுக்குத்தான் ஓடி வருகிறது. யானைவெடி வேண்டாம், விதானையார் ஓர் உண்மை சொன்னால் போதும் என்கிறார்கள். நானும் சொல்கிறேன், புஸ்பம் போடுகிறாள், அவன் போகிறான். ஏணி விழவில்லை என்பதைச் சொல்லி வடக்கு வயலைக் காப்பாற்றினேன். யானையின் வயிற்றுக்குக் கீழே சுருட்டுப் பற்றவைக்கவில்லை என்பது அயலவனின் வயலுக்குப் போயிற்று.

கைவசம் இருந்தவை தீர்ந்துகொண்டு வருகின்றன. தேற்றாத்தீவுச் சைக்கிள் ஒன்றுதான் மிச்சம். அதைப் பெரும்போக வெட்டுக்கு வைத்திருக்கிறேன்.